எண்ணப்பட மறுப்போரை எண்ணுதல்

அன்னதானம் நிகழும் மடங்களிலே உண்டோர் தொகையை அறிய விரும்பும் மேற்பார்வையாளர், பந்தி முடிந்தபின் இலைகளை எண்ணுவதுண்டு. இலையை எண்ணுபவர் உண்டவரின் பெயரை வினவுவதில்லை, ஊரை வினவுவதில்லை, நேற்றும் வந்தவரோ என ஆராய்வதுமில்லை. இக்கணக்குத் துல்லியமானதன்று. இருமுறை பந்தியில் அமர்ந்தவர் இருவராவார்; தாயின் இலையிலே உண்ட குழந்தை கணக்கில் வாராது. எனினும், நாளைக்கு எத்தனை கொத்து அரிசி உலையிலிட வேண்டும் என்பதை அறிய அது போதுமானது. இதனினும் திருத்தமான கணக்கு வேண்டுமாயின், வாயிலிலே ஒருவரை இருத்தி, வருவோர் ஒவ்வொருவர் கையிலும் இலக்கமிட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, மறுமுறை வரும்போது அதனைக் காட்டுமாறு கேட்கலாம். அப்போது யார் எத்தனை நாள் வந்தார், எவரோடு வந்தார், எந்நேரத்திற் பசித்தார் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறிவிடும். அட்டையை வாங்க மறுத்து, உள்ளே சென்று உண்டு மீள்பவர் ஒருவர் இருப்பாராயின், அவரை மடம் எவ்வாறு கணக்கிற் சேர்ப்பது? சேர்க்கத்தான் வேண்டுமா? மறுத்தவரை அறிய முயல்வது அவருக்கு இழைக்கும் தீங்காகுமா, அன்றி அவரை அறியாது விடுவதுதான் தீங்காகுமா?

இணையத்தளங்களின் வருகைக் கணக்கு இன்று இவ்வினாவின் முன்னிலையிலேயே நிற்கின்றது. அது வெறுந் தொழினுட்ப வினாவாகவே பெரிதும் பேசப்படுகின்றது. தளங்களை நடத்துவோர், குக்கிகளை ஏற்காதவர்களாலும் ஸ்கிரிப்ற்றுகளை இயங்கவிடாதவர்களாலும் தமது கணக்குப் பழுதுபடுகின்றது என முறையிடுவர். பொறியியலாளர் அப்பழுதை நீக்கும் வழிகளைக் கூறுவர். பழுது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருத்தலை இரு சாராரும் கவனிப்பதில்லை. ஒருவருடைய மறுப்பு மற்றொருவருடைய ஏட்டிலே பழுதாகத் தோன்றுகின்றதெனின், அந்த ஏடு எத்தகையது என்றே முதலிற் கேட்டல் வேண்டும்.

உலகளாவிய வலையின் அடிப்படை நெறிமுறை மறதியை இயல்பாகக் கொண்டது. ஒரு பக்கத்தைக் கேட்டு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் சேவையகத்துக்குப் புதிய வேண்டுகோளே. கேட்டதைக் கொடுத்தபின், கேட்டவர் யார் என்ற நினைவு அதற்கு இல்லை. சேவையகத்தின் பதிவேட்டில் எஞ்சுவன சிலவே: வேண்டுகோள் வந்த ஐ.பி. முகவரி, வந்த நேரம், கேட்கப்பட்ட பக்கம், அனுப்பிய விடையின் பருமன், உலாவி தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்ளும் ஒரு வரி. இது இலைக் கணக்கை ஒத்தது. 1994ஆம் ஆண்டிலே நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ரூலி என்பார் குக்கியை உருவாக்கினார். அது வருகையாளரின் கணனியிலே வைத்துவிடப்படும் ஒரு சிறு துண்டு. அடுத்த வேண்டுகோளின்போது உலாவி அதனைத் திருப்பிக் காட்டும். நெற்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் முன்னரும் வந்தவரோ என்று அறிதலே அதன் முதற் பயனாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. அட்டை கொடுக்கும் வழக்கம் அவ்வாறு தொடங்கிற்று. அடுத்த ஆண்டில், அதே நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாள்களில் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ற் மொழி, பக்கத்தோடு ஒரு சிறு செயலியையும் வருகையாளரின் கணனிக்கு அனுப்பும் வழியைத் திறந்தது. 2005இல் ஏர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கிய கூகிள், அதே ஆண்டிலே தனது வருகைக் கணிப்புச் சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதன்பின் கணக்குப்பிள்ளை தளத்துக்கு உரியவரல்லர். எண்ணிறந்த தளங்களின் வாயில்களில் ஒரே கணக்குப்பிள்ளை நிற்கலானார். மடத்துக்கு மடம் அட்டை வேறாக இருந்தபோது எழாத அச்சம், எல்லா மடங்களுக்கும் ஏடு ஒன்றானபோது எழுந்தமை வியப்பன்று.

மறுப்பு இருவகையாக நிகழ்கின்றது. இரண்டும் கணக்கை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. குக்கியை ஏற்காதவர், அல்லது ஏற்று அன்றாடம் அழிப்பவர், வருந்தோறும் புதியவராகவே தோன்றுவார். ஒருவர் ஒரு மாதத்தில் இருபது முறை வரின் இருபது பேராவார். ஸ்கிரிப்ற்றை இயங்கவிடாதவரோ, ஸ்கிரிப்ற்றினால் எழுதப்படும் ஏட்டில் இல்லாதவரே ஆவார். ஒருவகை மறுப்பு மனிதரைப் பெருக்குகின்றது. மற்றது மனிதரைத் துடைத்துவிடுகின்றது. உலாவிகளே இப்போது பலருக்காக மறுக்கின்றன. 2017 முதல் அப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவியும், 2019 முதல் பயர்பொக்ஸ் உலாவியும், பயனர் கேளாமலே பின்தொடர்தலைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளைக் கொண்டுள்ளன. எனவே மறுத்தவர் எவர், மறுக்கப்பட்டவர் எவர் என்பதும் தெளிவற்றது.

எண்ணப்பட மறுத்தவர் பன்மடங்காக எண்ணப்படும் முரண் இணையத்துக்கு மட்டும் உரியதன்று. 1911ஆம் ஆண்டு ஏப்பிரில் 2ஆம் நாள் இரவு பிரித்தானியாவிற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. வாக்குரிமை மறுக்கப்பட்ட பெண்களுட் பலர், தம்மைக் குடிகளாக மதியாத அரசு தம்மை எண்ணவும் வேண்டாம் எனக் கூறி, அவ்விரவு வீட்டைவிட்டு வெளியேறினர். சிலர் படிவத்தை நிரப்ப மறுத்தனர். எமிலி வைல்டிங் டேவிசன் என்பார் வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகையின் நிலவறைத் தேவாலயத்தை அடுத்த ஓர் அறையில் ஒளிந்திருந்தார். அவர் அங்கே கண்டுபிடிக்கப்பட்டு அவ்விடத்துக் கணக்கிற் சேர்க்கப்பட்டார். அவர் தங்கியிருந்த விடுதியினரும் தமது படிவத்தில் அவர் பெயரை எழுதிவிட்டனர். விளைவாக, அந்தக் குடிசன மதிப்பிலே டேவிசன் இருமுறை காணப்படுகின்றார். அரசு அவரை மதிக்கவில்லை. ஆனால் இருமடங்காக எண்ணிற்று. மறுப்பின் பொருளை உணராத எண்ணிக்கை, மறுத்தவரைப் பற்றி இறுதியில் எதனையும் அறிவதில்லை என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று கிடைத்தல் அரிது.

துடைக்கப்படுதல் பெருக்கப்படுதலினும் பாரதூரமானது. ஸ்கிரிப்ற்றினால் எழுதப்படும் ஏட்டைத் திறந்து பார்க்கும் நிருவாகிக்கு, தமது தளத்துக்கு வருவோர் அனைவரும் ஸ்கிரிப்ற் இயங்கும் உலாவி உடையோர் என்றே தோன்றும். தோன்றாதிருக்க வழியில்லை, இயங்காதவர் அந்த ஏட்டில் எழுதப்படுவதேயில்லை. பழைய கைத்தொலைபேசி உடையவரும், வலுவற்ற இணைப்பில் உள்ளவரும், காப்பு மிகுந்த அலுவலகத்துக் கணனியில் இருப்பவரும் இவ்வாறே மறைகின்றனர். பின்னர், ஸ்கிரிப்ற் இன்றி இயங்கும் பக்கத்தைப் பேணுவது வீண்செலவு எனத் தீர்மானிக்கப்படுகின்றது. ஏனெனில் அதனை வேண்டுவோர் எவருமிலர் எனக் கணக்குக் கூறுகின்றது. வாயிலுக்கு வர இயலாதவரை வாயிலில் நின்று எண்ணி, அத்தகையோர் இல்லையென முடிவு செய்வது போன்றது இது. ஓய்வூதியப் படிவமோ மருத்துவமனை நேரக் குறிப்போ அப்பக்கத்தில் இருக்குமாயின், இம்முடிவினால் இழப்படைவோர் புள்ளிவிபரத்தில் மட்டுமன்றி வாழ்விலும் இழப்படைகின்றனர்.

இச்சிக்கலை நேர்மையாக அணுகியதோர் ஆய்வு 2013ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசின் இலக்கமுறைச் சேவைப் பிரிவினால் நடத்தப்பட்டது. அதன் எளிமையே அதன் சிறப்பு. அரசின் பொதுத் தளத்து முகப்புப் பக்கத்திலே கண்ணுக்குப் புலப்படாத மூன்று சிறு படங்களுக்கு இடம் வைக்கப்பட்டது. முதலாவதை எந்த உலாவியும் கேட்டுப் பெறும். இரண்டாவதை ஸ்கிரிப்ற் இயங்கினாலன்றிக் கேட்க இயலாது. மூன்றாவது, ஸ்கிரிப்ற் நிறுத்தப்பட்ட உலாவிகளுக்கென்று மொழி இலக்கணமே ஒதுக்கியுள்ள பகுதியில் வைக்கப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளில் எப்படம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று மட்டுமே எண்ணினர். கேட்டவர் எவர் என்பது அவ்வினாவுக்குத் தேவைப்படவில்லை. முதற்படத்தின் தொகைக்கும் இரண்டாம் படத்தின் தொகைக்கும் இடையிலான வேறுபாடு 1.1 சதவீதம், அஃதாவது ஏறத்தாழ 93 பேருள் ஒருவருக்கு ஸ்கிரிப்ற் சென்று சேரவில்லை. இவருள் மூன்றாம் படத்தைக் கேட்டோர், அதாவது ஸ்கிரிப்ற்றை நிறுத்தியவராகவோ அவ்வசதி அற்றவராகவோ தம்மை வெளிப்படுத்தியோர், 0.2 சதவீதமே. எஞ்சிய 0.9 சதவீதத்தினர் ஸ்கிரிப்ற்றை மறுத்தவரல்லர். அவர்களின் உலாவி அதனை ஏற்கச் சித்தமாயிருந்தது. எனினும் அது வந்து சேரவில்லை. வழியில் அறுந்த இணைப்பு, அலுவலகத் தடுப்பு, உலாவியோடு ஒட்டிக்கொண்ட வேறு செயலிகளின் பிழை, பக்கம் முற்றாக வருமுன் வெளியேறியமை எனக் காரணங்கள் பலவாக இருக்கக்கூடும்.

இவ்வெண்கள் ஒரு தளத்துக்கும் ஒரு காலத்துக்கும் உரியன. வேறிடத்துக்கு அவற்றை எடுத்துச் செல்லலாகாது. ஆனால் அவை வெளிப்படுத்திய பாகுபாடு எங்கும் பொருந்தும். கணக்கில் வாராதோர் ஒரு கூட்டத்தினரல்லர். கதவைத் தாமே சாத்திக்கொண்டோர் சிலர். கதவு எட்டாதோர் பலர். முன்னவரின் மௌனம் ஒரு கூற்று. பின்னவரின் மௌனம் கூற்றன்று, ஒரு குறைபாடு. வெளியே நின்று நோக்குபவருக்கு இரு மௌனங்களும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஈழத்து வாசகருக்கு இப்பாகுபாடு புதிதன்று. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்புக்குப் பின் 1991இல் மதிப்பு எடுக்கப்படவில்லை. 2001இல் எடுக்கப்பட்டபோது, 25 மாவட்டங்களுள் 18 மாவட்டங்களிலேயே பணி முழுமையாக நிறைவேறிற்று. வடக்கிலும் கிழக்கிலும் ஏழு மாவட்டங்களில் அது முற்றுப்பெறவில்லை. நாடு முழுவதற்குமான அடுத்த எண்ணிக்கை 2012இலேயே கைகூடியது. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களில் அம்மக்கள் மதிப்பீடுகளாகவே வாழ்ந்தனர். போரினால் ஏட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களை உய்த்துணர்ந்தேனும் கணிப்பது நீதியின் பாற்படும். கணியாதுவிடின் அவர்களுக்குரிய பாடசாலையும் மருத்துவமனையும் கணியாது விடப்படும். ஆகவே, காணாதவரை மதிப்பிடுதல் என்ற செயலே தன்னளவிற் குற்றமுடையது என வாதிடுவோர், எட்டாத கதவின் முன் நிற்பவரை மறந்துவிடுகின்றனர்.

எனின், மறுத்தவரை? இங்கேதான் வினாவின் முடிச்சு உள்ளது. குக்கியை மறுக்கும் ஒருவர் எதனை மறுக்கின்றார்? அவர் பக்கத்தைக் கேட்டுப் பெறுகின்றார். தமது வேண்டுகோள் சேவையகத்தை அடைகின்றது என்பதை அவர் அறிவார். அது மறைவாக நிகழவேண்டும் என அவர் எதிர்பார்ப்பதில்லை. அவர் மறுப்பது, இன்று வந்தவரே நேற்றும் வந்தவர் எனத் தம்மை அடையாளங் காணுதலை. வேறு சொற்களிற் கூறின், எண்ணப்படுதலை அவர் மறுக்கவில்லை, இனங்காணப்படுதலையே மறுக்கின்றார். ஓர் இலை அதிகமாக இருந்தது எனக் குறித்துக்கொள்வதால் அவருக்கு யாதொரு தீங்குமில்லை. அந்த இலை எவருடையது எனத் துப்பறிவதே தீங்கு.

இவ்வேறுபாட்டை ஒரு நாட்டின் உயர் நீதிபீடம் எடுத்தாண்டுள்ளது. மேற்கு ஜேர்மனியில் 1983இல் நிகழவிருந்த குடிசன மதிப்புக்கு எதிராகப் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை முதலில் இடைநிறுத்தி, அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் தீர்ப்பளித்தது. மக்களை எண்ணுதல் அத்தீர்ப்பிலே தடை செய்யப்படவில்லை. எண்ணுவதற்கெனப் பெற்ற விபரங்களை உள்ளூராட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் தனியாட்களை நோக்கித் திருப்பும் ஏற்பாடுகளே தடுக்கப்பட்டன. தன்னியக்கத் தரவுச் செயன்முறை நிலவும் காலத்தில் அற்பமான தரவு என எதுவுமில்லை என்ற கருத்தும், தன்னைப் பற்றிய தரவு எங்கே எவ்வாறு பயன்பட வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை ஆளுக்கே உண்டு என்ற கோட்பாடும் அத்தீர்ப்பின் வழியே வழக்குக்கு வந்தன. திருத்தியமைக்கப்பட்ட எண்ணிக்கை 1987இலேயே நடைபெற்றது. நாலாண்டுத் தாமதம் எண்ணுவோருக்கு இழப்பே. ஆயினும் அது கொடுக்கத் தகுந்த விலை.

இவ்வாறு நோக்குமிடத்து, மறுத்தவரை மதிப்பிடும் முறைகளுட் சில ஏற்புடையனவாகவும் சில ஏற்பற்றனவாகவும் தாமே பிரிகின்றன. ஏற்பற்றவற்றுள் முதன்மையானது உலாவியின் கைரேகை எடுத்தல். குக்கி இல்லாதபோதும், திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், நேர வலயம், உலாவியின் பதிப்பு முதலியவற்றை ஒருங்கு சேர்த்தால் பெரும்பாலும் ஒருவர் தனித்துத் தெரிந்துவிடுவார். 2010ஆம் ஆண்டிலே பீற்றர் எக்கர்ஸ்லி என்ற ஆய்வாளர் ஏறத்தாழ நாலே முக்கால் இலட்சம் உலாவிகளை ஆராய்ந்து, அவற்றுள் 83.6 சதவீதமானவை வேறெந்த உலாவியோடும் ஒவ்வாத தனிக் கைரேகை உடையன எனக் காட்டினார். தம்மைக் காத்துக்கொள்ளச் சிலர் பூணும் கருவிகளே அருமை காரணமாக அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் கூடும் என்பது அவ்வாய்வின் மற்றொரு கசப்பான பாடம். அட்டையை வாங்க மறுத்தவரின் காலடித் தடத்தை மண்ணிற் படியெடுத்து வைப்பது இது. இதனைச் செய்வோர், குக்கியைத் தானே மறுத்தார், தடத்தை மறுக்கவில்லையே எனச் சட்ட நுணுக்கம் பேசுவர். வாசற் கதவைப் பூட்டிய வீட்டினுள் சாளரத்தின் வழியே புகுந்தவரும் இதனையே கூறலாம்.

இரண்டாவது முறை இதனினும் நயமானது. ஆகையால் அதிகம் சிந்திக்கத்தக்கது. கூகிள் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ஒப்புதல் ஏற்பாட்டில், மறுத்தவரிடமிருந்து குக்கி பெறப்படுவதில்லை. பின்னர் சேர்க்கப்பட்ட மாதிரியுருக் கணிப்பின்படி, ஒப்பியவர்களின் நடத்தையைக் கொண்டு மறுத்தவர்களின் நடத்தை ஊகித்து நிரப்பப்படுகின்றது. இங்கு எவரும் இனங்காணப்படுவதில்லை எனின், குற்றம் யாது? புள்ளிவிபரவியலார் இதற்கொரு விடை வைத்துள்ளனர். 1976இல் டொனால்ட் ரூபின் விடுபட்ட தரவுகள் பற்றி எழுதிய கட்டுரையின் வழியே நிலைபெற்ற பாகுபாட்டின்படி, தற்செயலாக விடுபட்டவை வேறு. எதனை அறிய முயல்கின்றோமோ அதனோடு தொடர்புடைய காரணத்தாலேயே விடுபட்டவை வேறு. முன்னதை இருப்பவற்றைக் கொண்டு நிரப்பலாம். பின்னதை அவ்வாறு நிரப்பின் பிழை கணக்கினுள்ளே ஒளிந்துகொள்ளும். அச்சமுடையோரும் ஐயமுடையோரும் தொழினுட்பம் அறிந்தோரும் மிகுதியாக மறுப்பர். அவர்கள் எல்லாவகையிலும் மற்றையோரை ஒத்தவர் எனக் கொள்ளுதல், அவர்கள் வேறுபட்டு நின்ற ஒரே இடத்தையும் அவர்களிடமிருந்து பறித்துக்கொள்வதாகும். ஒருவர் பேச மறுத்தபின் அவர் இதைத்தான் கூறியிருப்பார் என அவருக்காகப் பேசுவதில் உள்ள பண்புக்குறைவு இதிலும் உண்டு. ஊகித்தது ஊகம் என ஏட்டிலே வேறாகக் காட்டப்படுமாயின் அக்குறை பாதி நீங்கும். ஊகமும் கணிப்பும் ஒரே நிரலில் ஒரே எண்ணாகக் கலக்கும்போது அது நீங்குவதில்லை.

தளத்தை நடத்துவோருக்கும் ஒரு நியாயம் உண்டு. விளம்பரத்தால் வாழும் சிறு பத்திரிகைக்கு வாசகர் தொகையே உணவு. அரசின் நூலகமோ தொண்டு நிறுவனமோ தனது பணியை நியாயப்படுத்த எண் காட்ட வேண்டியுள்ளது. விருந்தினர் வீட்டுக்குடையவருக்குத் தமது வருகையையேனும் அறிவிக்கக் கடமைப்பட்டவரல்லரா என அவர்கள் வினவுவர். வருகையை, ஆம். விருந்து முடிந்து வீடு திரும்பும் வழியையும், அடுத்துச் செல்லும் வீட்டையும் அறிவிக்கக் கடமையில்லை. ஐரோப்பியச் சட்டம் இவ்விடத்திலேயே கோடு கிழிக்க முயன்றது. 2009இல் திருத்தப்பட்ட பணிப்புரை, பயனரின் கருவியில் எதனையும் வைப்பதற்கு, சேவைக்கு இன்றியமையாத போதன்றி, ஒப்புதலை வேண்டிற்று. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதலாகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்ரோபர் 1ஆம் நாள் தீர்த்தது. ஏற்பது ஒரே அழுத்தில் இயல, மறுப்பதற்குப் பல அழுத்துகள் வேண்டியிருந்தமைக்காக, 2022 சனவரியில் பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை கூகிளுக்கு 15 கோடி ஐரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி ஐரோவும் தண்டமாக விதித்ததை அறிவித்தது. களைப்பினாற் பெறப்பட்ட ஒப்புதல் ஒப்புதலன்று என்பதை விளக்க இத்துணைப் பெருந்தொகை வேண்டியிருந்தது.

அறிய வேண்டியதை அறிந்து, அறியவொண்ணாததை அறியாது விடும் கணக்கு நடைமுறையில் இயலுமா என்ற ஐயத்துக்கு விடையாக ரோர் வலையமைப்பைக் காட்டலாம். பயனரின் அடையாளத்தை மறைத்தலே அவ்வலையமைப்பின் நோக்கம். அதன் உலாவி மிக உயர்ந்த காப்பு நிலையில் வைக்கப்படின் எல்லாத் தளங்களிலும் ஸ்கிரிப்ற்றுகளை நிறுத்திவிடும். செய்தியாளரும், ஒடுக்கப்படும் கொள்கையினரும், தம்மைத் தேடுவோரிடமிருந்து ஒளிந்து வாழ்வோரும் அதனைப் பயன்படுத்துவோருள் அடங்குவர். அவர்களுட் சிலருக்கு இனங்காணப்படுதல் உயிராபத்து. எனினும் அவ்வலையமைப்பை நடத்துவோர் தமது பயனர் தொகையை நாள்தோறும் மதிப்பிட்டு வெளியிடுகின்றனர். எவரையும் அவர்கள் எண்ணுவதில்லை. வலையமைப்பின் அஞ்சலிடங்களின் பட்டியலைப் புதுப்பிக்குமாறு பயனரின் செயலி விடுக்கும் வேண்டுகோள்களையே எண்ணுகின்றனர். நாள் முழுவதும் இணைந்திருக்கும் ஒரு செயலி ஏறத்தாழ 15 வேண்டுகோள்களை விடுக்கும். எல்லோரும் நாள் முழுவதும் இணைந்திருப்பதில்லை. எனவே சராசரி 10 எனக் கொண்டு, மொத்தத்தைப் பத்தால் வகுக்கின்றனர். 10 என்பது ஓர் எடுகோள். அவர்களே அதனை எடுகோள் எனக் கூறுகின்றனர்.

நாட்டுவாரியான கணக்கிலே அவர்கள் கையாளும் ஒழுங்கு இன்னும் நுட்பமானது. அஞ்சலிடம் ஒவ்வொன்றும் எந்நாட்டிலிருந்து எத்தனை வேண்டுகோள் வந்தன எனத் தன்னளவிலே கூட்டிக்கொண்டு, அத்தொகையை 8இன் அடுத்த மடங்குக்கு மேல்நோக்கி மட்டந்தட்டியே வெளியிடும். ஒன்று வந்தாலும் எட்டு. ஏழு வந்தாலும் எட்டு. ஒரு சிறு நாட்டிலிருந்து ஒரேயொருவர் இணைந்திருந்த நாளில், ஒன்று என்ற எண் ஓர் எண்ணாக இராது. அது ஒரு மனிதராகிவிடும். அம்மனிதரைத் தேடும் அதிகாரிக்கு அவ்வோரெண்ணே போதும். அவ்விடத்திற் பிழை வேண்டுமென்றே புகுத்தப்படுகின்றது. கணக்கியலில் பிழை என்பது ஒழிக்கப்பட வேண்டியது எனக் கற்றுவந்த மாணவருக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். துல்லியம் எப்போதும் அறமன்று என்பதை ஒரு நிரலின் கடைசி இலக்கத்தில் வைத்துக் காட்டிய எடுத்துக்காட்டு இது. 1965இல் ஸ்ரான்லி வோர்னர் என்ற பொருளியலறிஞர் வகுத்த முறையொன்றும் இதனோடு உறவுடையது. கூசத்தக்க வினாவொன்றைக் கேட்கும்போது, விடையளிப்பவர் மறைவாக ஒரு சுழற்றியைச் சுழற்றி, அது காட்டியவாறு வினாவுக்கோ அதன் மறுதலைக்கோ விடையளிப்பார். எவர் எதற்கு விடையளித்தார் என்பது கேட்டவருக்குத் தெரியாது. ஆயினும் நிகழ்தகவைக் கொண்டு முழுக் குழுவின் விகிதம் பெறப்படும். ஆளைப் பற்றிய அறியாமையும் கூட்டத்தைப் பற்றிய அறிவும் ஒருங்கே நிற்றல் இயலும் என்பது இணையத்துக்கு முன்னரே நிறுவப்பட்டதொன்று.

சாதாரணத் தளமொன்றின் நிருவாகிக்கு இவையெல்லாம் எட்டாதன அல்ல. பிரித்தானியப் பிரிவினர் செய்ததுபோன்று, எல்லோரும் கேட்கும் ஒரு படத்தின் தொகையை ஸ்கிரிப்ற் எழுதும் தொகையோடு சில நாள்களுக்கு ஒப்பிட்டால், ஏட்டில் வாராதோரின் விகிதம் கிடைத்துவிடும். அவருள் மறுத்தவர் எத்தனை, எட்டாதவர் எத்தனை என்பதை ஆள்வாரியாகப் பிரிக்க முயல்வது மீண்டும் தடம் பார்க்கும் தொழிலிற் கொண்டுபோய் விடும். அப்பிரிப்புத் தேவையுமன்று. மறுத்தவரை நோக்கிய எச்சரிக்கையையும் எட்டாதவரை நோக்கிய அக்கறையையும் முழுத் தொகுதிக்கும் ஒருங்கே காட்டலாம்: எவரையும் தேடாதிருத்தல், எவருக்கும் பக்கத்தை மூடாதிருத்தல்.

சேவையகப் பதிவேடும் மாசற்றதெனக் கொள்ளலாகாது. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல்லாயிரம் பேரை ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின் நிறுத்துகின்றன. மறுபுறம், ஒருவரே வீட்டிலும் வழியிலும் பணியிடத்திலும் மூன்று முகவரிகளோடு தோன்றுவார். தேடுபொறிகளின் தானியங்கிகள் மனிதரைப்போல் பக்கங்களைக் கேட்கும். பந்தி முடியுமுன் இலையைக் கவ்விச் செல்லும் காகங்கள் அவை. இடையில் தேங்கிய பிரதியிலிருந்து பக்கத்தைப் பெற்றவரின் வேண்டுகோள் சேவையகத்தை அடைவதேயில்லை. ஆதலால் அதிலிருந்து பெறப்படும் தொகை ஒற்றை எண்ணாக அன்றி ஒரு வீச்சாகவே கூறத்தக்கது. நாற்பதினாயிரம் வாசகர் என எழுதும் கை, முப்பத்தையாயிரத்துக்கும் நாற்பத்தெண்ணாயிரத்துக்கும் இடையில் என எழுதக் கூசுகின்றது. விளம்பரதாரர் அதனை விரும்பார் என்பதும் மெய்யே. எனினும் அவருக்குக் கொடுக்கப்பட்டு வந்த ஒற்றை எண்ணும் அதே வீச்சினுள்தான் இருந்தது. வீச்சு மறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

இலைக் கணக்கிலும் இலைகள் எஞ்சுகின்றன என்பதே எஞ்சிய சிக்கல். பதிவேட்டில் முகவரிகள் உள்ளன. முகவரி ஆளைக் காட்டக்கூடியது. எண்ணுவதற்கென வைத்த பதிவேட்டை நாளை வேறொருவர் தேடுவதற்கெனக் கேட்கலாம். சில கணிப்புச் சேவைகள் முகவரியையும் உலாவியின் வரியையும் அன்றன்று மாறும் ஓர் இரகசிய எண்ணோடு கலந்து குறியீடாக்கி, மறுநாள் அவ்விரகசிய எண்ணை அழித்துவிடுகின்றன. ஒரு நாளுக்குள் இருமுறை வந்தவர் ஒருவராகவே எண்ணப்படுவார். நாள் மாறியபின் அவரைத் தொடர இயலாது. அழித்தோம் என்ற வாக்குறுதியை வருகையாளர் தாமே சோதிக்க இயலாது என்பது இதன் குறை. செயலியின் மூலநிரலை எவரும் படிக்குமாறு வெளியிடுதல் அக்குறையைச் சிறிது தணிக்கும். ஆயினும், வெளியிட்ட நிரலே சேவையகத்தில் இயங்குகின்றது என்பதற்கு அது உறுதியாகாது. ஆகவே, பதிவேட்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை எண்ணத் தொடங்குமுன்னரே குறித்து, தளத்திலே எல்லோரும் காண எழுதிவைத்து, அந்நாள் வந்ததும் அதனை அழித்தல் வேண்டும். எண்ணி முடித்த இலையை மடத்தார் குழியிலிட்டு மூடுவர். அதனைக் காய வைத்து அடுக்கிவைப்பவர் எவருமிலர்.